சுமைதாங்கியை எந்தப் பக்கம் நடுவது?

புத்தன்அணை (இழையைத் தொடங்கியவர்)
ஞாயிறு இரவு 9.40

கன்னியாகுமரி மாவட்டம், கல்குளம் தாலுகாவில் எங்கள் ஊர். பெயரைச் சொன்னால் இரண்டு கமிட்டியிலிருந்தும் போன் வரும், அதனால் விட்டுவிடுகிறேன். முக்கில் ஒரு பழைய கல்மண்டபம். அதன் முன்னால் தலைச்சுமையை இறக்கி வைக்கும் சுமைதாங்கிக் கல், ஓரமாக மாடு தண்ணீர் குடிக்கும் கல்தொட்டி. இப்போது ரோட்டை அகலப்படுத்துகிறார்கள். மண்டபம் தப்பிவிடும், முன்திண்ணை மட்டும் கொஞ்சம் போகும். சுமைதாங்கியும் தொட்டியும் நடுரோட்டில் வருகின்றன. காண்ட்ராக்டர் நல்ல மாதிரி. “பன்னிரண்டு அடி தள்ளி நட்டுக்கொள்ளுங்கள், ஜேசிபியும் ஆளும் நான் தருகிறேன்” என்றார்.

எந்தப் பக்கம் பன்னிரண்டு அடி என்பதில்தான் மாட்டிக்கொண்டோம். தெற்கே முத்தாரம்மன் கோயில் மதில். வடக்கே குருசடி, சிலுவை வைத்த சின்ன ஜெபக்கூடம். தெற்கே நட்டால் நாளைக்கே மஞ்சள் பூசிப் பட்டு சுற்றிவிடுவார்கள் என்று ஒரு தரப்பு. வடக்கே நட்டால் மேலே சிலுவை ஏறிவிடும் என்று இன்னொரு தரப்பு.

பின்கதையும் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்னால் கோயில் கொடையும் சர்ச் திருவிழாவும் ஒரே வாரத்தில் வந்து, மைக் செட் தகராறாகி, ஸ்டேஷன் வரை போனது. அன்றிலிருந்து முக்கில் டீக்கடை இரண்டு. ஒன்றில் குடிப்பவர் மற்றதில் குடிப்பதில்லை. நான் இரண்டிலும் குடிக்கிறேன், இரண்டிலும் என்மேல் சந்தேகம்.

இரண்டு தரப்பையும் சேர்த்து இந்தக் கல்லைக் காப்பாற்றினால் பேச்சாவது திரும்பும் என்று நானும் ரிட்டயர் ஆன வாத்தியார் ஒருவரும் நினைக்கிறோம். உங்கள் ஊர்களில் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா? இல்லை, வீண்வேலையா?

மணிமேடை
ஞாயிறு இரவு 10.05

வீண்வேலை என்று சொல்லமாட்டேன். எப்படி முடியும் என்று மட்டும் சொல்கிறேன். கல்லை நடுவீர்கள். மூன்று மதத்திலிருந்தும் மூன்று பேர் மேடைக்கு வருவார்கள், சேர்ந்து குத்துவிளக்கு ஏற்றுவார்கள், யாரோ கூண்டிலிருந்து புறாவைப் பறக்கவிடுவார்கள், அது நேரே எதிர்த்த மாடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மறுநாள் பேப்பரில் போட்டோ. அதற்கடுத்த நாள் அதே இரண்டு டீக்கடை.

2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85, முஸ்லிம்கள் 4.20. கிட்டத்தட்ட சரிபாதி. சரிபாதி என்றால் இரண்டு பக்கமும் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு கல்லை அரை அடி நகர்த்தினாலும் முள் ஆடுகிறதா என்று பார்ப்பார்கள்.

நாஞ்சில் மரச்சீனி
ஞாயிறு இரவு 10.31

மணிமேடை அண்ணனுக்கு எப்போதும் இதே பாட்டுதான். நம் ஊர்க் கல்லெல்லாம் பல கை மாறி வந்ததாக்கும். சிதறால் மலையில் ஏறிப் பாருங்கள். 9ஆம் நூற்றாண்டில் சமணப் பள்ளி, பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். 13ஆம் நூற்றாண்டு வாக்கில் பகவதி கோயிலானது. அம்மனைக் கும்பிடப் போனவர்கள் பாறையில் இருந்த சமணரைச் செதுக்கி எடுக்கவில்லை, அப்படியே விட்டார்கள். நாகராஜா கோயில் தூணிலும் பார்சுவநாதரும் மகாவீரரும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பால் ஊற்றப் போகிற எத்தனை பேருக்கு அது தெரியும்?

மணிமேடை
ஞாயிறு இரவு 10.38

அங்கே சண்டை இல்லாததற்குக் காரணம் பெருந்தன்மை இல்லை தம்பி. சண்டை போட இங்கே சமணர் யாரும் மீதியில்லை. ஆள் இல்லாத வீட்டுக்குச் சொந்தம் கொண்டாடுவது சுலபம்.

நாஞ்சில் மரச்சீனி
ஞாயிறு இரவு 10.40

சரி, இதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஓலைவிசிறி
திங்கள் காலை 6.15

நான் பதினொரு வருடமாகச் சிவாலய ஓட்டம் ஓடுகிறவன். முன்சிறையில் தொடங்கி, பன்னிரண்டு சிவாலயம், கையில் பனையோலை விசிறி, வாயில் “கோவிந்தா கோபாலா”. சிவன் கோயிலுக்கு ஓடுகிறவன் பெருமாள் பெயரைச் சொல்லிக்கொண்டு ஓடுகிறான். சைவ வைணவத் தகராறை இங்கே யாரோ என்றைக்கோ காலால் தீர்த்துவைத்திருக்கிறார்கள்.

ஓட்டம் முடிகிற பன்னிரண்டாவது இடம் நட்டாலம். அதே நட்டாலத்தில்தான் 1712இல் நீலகண்டபிள்ளை பிறந்தார். பத்மநாபபுரத்தில் ராஜாவிடம் வேலை பார்த்தவர். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு பெற்று தேவசகாயம் ஆனார். 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15இல் புனிதர் பட்டம். சங்கரநாராயணர் கோயிலுக்கு ஓடுகிறவனும் தேவசகாயம் பிறந்த மண்ணைத் தொட வருகிறவனும் ஒரே ஊருக்கு வழி கேட்கிறார்கள்.

ஓடும்போது நான் பார்த்ததைச் சொல்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு வாசலில் குடம் வைத்து மோரும் சுக்குக் காப்பியும் தருகிற வீடுகள் உண்டு. வாங்கிக் குடித்துவிட்டு நிமிர்ந்தால்தான் கதவுக்கு மேலே மாதா படம் தெரியும். ஓடுகிறவனுக்கு நிலைப்படியைப் பார்த்துவிட்டுக் குடிக்க நேரமில்லை. நின்று நிதானமாகப் பேச ஆரம்பித்தால்தான் வம்பு வருகிறது என்பது என் அனுபவம்.

ரஜப் நிலா
திங்கள் காலை 11.20

தக்கலையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பீர்முகம்மது அப்பா தர்காவில் ரஜப் மாதம் அவர் இயற்றிய ஞானப்புகழ்ச்சியைப் பாடுவோம். விடிய விடிய, அச்சுத் தமிழில், மனப்பாடமாக. சின்ன வயதில் எனக்குத் தூக்கம்தான் வரும், இப்போது நானே முன்வரிசையில் உட்காருகிறேன். நேர்ச்சைக்கு வருகிறவர்களில் யார் எந்த ஆள் என்று நாங்கள் கணக்கெடுப்பதில்லை.

இன்னொன்று. வள்ளலார் பாடியது அருட்பாவா மருட்பாவா என்று தமிழ்நாடே இரண்டாகி நின்றபோது, அருட்பா பக்கம் நின்று வாதாடியவர் இடலாக்குடி சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர். சைவர்களுக்குள் சண்டை, நியாயம் சொன்னது ஒரு முஸ்லிம் புலவர். அடுத்த வீட்டுப் புத்தகத்தை அந்த அளவுக்குப் படித்திருந்தார். கல்லை நடுவதைவிட அது கஷ்டமான வேலை.

கடலோரத்தி
திங்கள் இரவு 8.50

எல்லோரும் சுமைதாங்கி, சுமைதாங்கி என்கிறீர்களே, அதில் சுமை இறக்கியது யார் என்று ஒருத்தராவது கேட்டீர்களா?

என் அம்மை மீன்காரி. குளச்சலுக்குப் பக்கத்துக் கடற்கரை. காலையில் மீன் எடுத்து, ஓலைக் கடவத்தில் அடுக்கி, தலையில் சும்மாடு சுற்றி, உள்நாட்டுக்கு நடப்பாள். போக ஏழெட்டு கிலோமீட்டர். லீவு நாளில் நானும் பின்னால் ஓடியிருக்கிறேன். நிறைந்த கடவத்தைத் தலையிலிருந்து தனியாக இறக்க முடியாது, இன்னொரு கை வேண்டும். உள்நாட்டில் அந்தக் கை கிடைக்காது. மீன் வாங்குவார்கள், ருசித்துத் தின்பார்கள். கடவத்தைத் தொட்டால் குளிக்க வேண்டும் என்பார்கள். மீன்தண்ணி சொட்டும் என்பது சாக்கு. விஷயம் அது மட்டுமில்லை என்று அம்மைக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

அதனால் அம்மை சுமைதாங்கிக் கணக்கில்தான் நடப்பாள். கல்லுக்கு முன்னால் வந்து, குனியாமல், முழங்காலை மட்டும் லேசாக மடக்கி, கடவத்தின் அடியைக் குறுக்குக் கல்லில் ஏற்றி, தலையை உருவிக்கொள்வாள். பிறகு சும்மாட்டுத் துணியால் முகத்தைத் துடைப்பாள். யாரையும் “ஒரு கை பிடி” என்று கேட்க வேண்டாம். ஒருத்தருக்கொருத்தர் கை கொடுக்காத ஊரில்தான் கல்லுக்கு அவ்வளவு வேலை.

1982 மார்ச்சில் மண்டைக்காட்டுக் கோயில் கொடை நேரத்தில் இந்து-கிறிஸ்தவர் கலவரம். துப்பாக்கிச் சூடு. எனக்கு ஒன்பது வயது. அம்மை எத்தனையோ வாரம் உள்நாட்டுக்குப் போகவில்லை. மீனெல்லாம் மணலில் கருவாடானது. உள்நாட்டு மரச்சீனிக் கிழங்கு எங்களுக்கு வரவில்லை. குன்றக்குடி அடிகளார் சமாதானம் பேச வந்தார், நீதிபதி வேணுகோபால் ஆணையம் விசாரித்தது, அதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். எனக்குத் தெரிந்த சமாதானம் வேறு. அம்மை மறுபடி முதல் நாள் போனபோது சுமைதாங்கியில் கடவத்தை வைத்துவிட்டு, வழக்கம்போலக் கூவாமல் நின்றிருக்கிறாள். குரல் வரவில்லையாம். கொஞ்ச நேரத்தில் ஒரு வீட்டுக்காரி வந்து, “சாளை இருக்கா பிள்ளே? எவ்வளவுக்குத் தருவே?” என்று கேட்டிருக்கிறாள். மன்னிப்பு, அழுகை ஒன்றும் கிடையாது. விலையை மட்டும் பழையபடி அடித்துப் பேசியிருக்கிறாள். அம்மை வீட்டுக்கு வந்து எங்களிடம் சொன்னது, “அதே பேரமாக்கும். ஒரு பைசா ஏத்தித் தரல்ல.” அதைச் சந்தோஷமாகச் சொன்னாள்.

கல்லை நடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் ‘அனைத்து மதத்தினரும் ஒற்றுமையாக இளைப்பாறிய இடம்’ என்று பலகை வைத்தால் நானே பஸ் ஏறி வந்து தார் பூசுவேன்.

மணிமேடை
திங்கள் இரவு 9.30

அக்கா, எழுந்து நின்று படித்தேன்.

மண்டபத்தையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். அந்தத் திண்ணையில் எல்லோரும் உட்காரவில்லை. தோளில் சீலை போட்டதற்காக, கீழ்ச்சாதி என்று சொல்லிப் பெண்களை அடித்த திருவிதாங்கூர் நாடு இது. 1859இல் அரசாணை வருகிற வரைக்கும், வந்த பிறகும், அந்தப் பிரச்சினை ஓயவில்லை. சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கே 1926இல் சத்தியாகிரகம் நடத்தினார்கள். கோயிலுக்குள் போக 1936 நவம்பர் 12 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தப் பின்னணியில் சாமிதோப்பு முந்திரிக் கிணற்றைப் பாருங்கள். எல்லாச் சாதியும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க வேண்டும் என்று அய்யா வைகுண்டர் செய்தது. அது ‘பழைய ஒற்றுமையின் சின்னம்’ இல்லை. ஒற்றுமையே இல்லாத இடத்தில் ஒருவர் வம்புக்குத் தோண்டிய கிணறு.

நாஞ்சில் மரச்சீனி
திங்கள் இரவு 9.44

இரண்டு பேரும் சொல்வது சரி. ஆனால் பழைய கசப்பை எல்லாம் கிளறினால் ஊரில் ஏற்கெனவே இருக்கிற புகைச்சல் தீயாகாதா? புத்தன்அணை அண்ணன் கேட்டது டீக்கடையை ஒன்றாக்க வழி.

கடலோரத்தி
திங்கள் இரவு 9.52

எங்களுக்கு அது பழைய கசப்பு இல்லை தம்பி. நீங்கள் மறந்துவிட்டதால் பழையது என்கிறீர்கள்.

லிமசோல் இன்ஜின் ரூம்
செவ்வாய் காலை 4.10

ஊர் மார்த்தாண்டம் பக்கம், வேலை சைப்ரஸில், கப்பல் கம்பெனி. சம்பந்தம் இருப்பதால் எழுதுகிறேன். இந்தத் தீவு 1974இலிருந்து இரண்டாகக் கிடக்கிறது. தெற்கே கிரேக்கர், வடக்கே துருக்கியர், நடுவில் ஐ.நா. பட்டாளம். தலைநகர் நிக்கோசியாவில் லெட்ரா தெருவின் குறுக்கே தடுப்பு. 2008 ஏப்ரலில்தான் அதில் ஆள் நடந்து போக வழி திறந்தார்கள். இந்தப் பக்கம் காப்பி குடித்துவிட்டு, பாஸ்போர்ட் காட்டி, இரண்டு நிமிடம் நடந்தால் அந்தப் பக்கம் டீ.

அதே 2008இல் பண்பாட்டுச் சின்னங்களுக்கென்று இரண்டு தரப்பும் சேர்ந்து ஒரு குழு போட்டார்கள். ஓடிப்போனவர்களின் சர்ச்சுகள் வடக்கே இடிந்து கிடக்கின்றன, மசூதிகள் தெற்கே கிடக்கின்றன. யாருடையது அதிகம் இடிந்தது என்று பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும். அதை விட்டுவிட்டு, கூரை ஒழுகுகிறதா, சுவர் சாய்கிறதா என்று பார்த்து வேலை செய்கிறார்கள். சர்ச், மசூதி, கோட்டைச் சுவர், குளியல் கூடம் எல்லாம் உண்டு. காசு பெரும்பாலும் ஐரோப்பிய யூனியன் தருகிறது. 2017இல் பெரிய அரசியல் பேச்சுவார்த்தை சுவிட்சர்லாந்தில் முறிந்துபோனது. இந்தக் குழுவின் வேலை நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை என்று நான் யோசித்ததுண்டு. என் வீட்டுச் சாவி உன்னிடம், உன் வீட்டுச் சாவி என்னிடம். நான் உன் மசூதியின் ஓட்டை அடைக்காவிட்டால் நீ என் சர்ச்சின் ஓட்டை அடைக்கமாட்டாய். அன்பு வேண்டியதில்லை, கணக்கு இருந்தால் போதும்.

மணிமேடை
செவ்வாய் காலை 7.25

போஸ்னியாவில் மோஸ்தார் பாலத்தையும் சொல்லுங்கள். 1993 நவம்பரில் குண்டு போட்டு ஆற்றில் விழவைத்தார்கள். 2004இல் அதே மாதிரி கல்லில் கட்டித் திறந்தார்கள். உலகமே கைதட்டியது. அதற்குப் பிறகும் அந்த நாட்டில் ஒரே பள்ளிக் கட்டடத்துக்குள் இரண்டு பள்ளிக்கூடம், இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வாசல், அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வாசல். பாலம் அழகாக இருக்கிறது, சுற்றுலாப் பயணிகள் நடக்கிறார்கள்.

நாஞ்சில் மரச்சீனி
செவ்வாய் காலை 8.02

சாவி விஷயம் நமக்குப் புதிதில்லை. 1956 நவம்பர் 1இல் நாம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். பத்மநாபபுரம் அரண்மனை இங்கே, பராமரிப்பு இன்றைக்கும் கேரள அரசு. நவராத்திரிக்கு சரஸ்வதியும் வேளிமலைக் குமாரசாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குப் போகிறார்கள். அரண்மனையில் உடைவாளை எடுத்துக் கொடுக்கிறார்கள், இரண்டு மாநிலப் போலீசும் மரியாதை செய்கிறது. எல்லையைப் பிரிக்க அவ்வளவு போராட்டம், துப்பாக்கிச் சூடு எல்லாம் நடந்தும் அந்த ஊர்வலத்தை யாரும் நிறுத்தவில்லை. இரண்டு பக்கமும் செய்ய வேண்டிய வேலை அதில் இருக்கிறது.

கொத்தனார் மகன்
செவ்வாய் மதியம் 1.15

தத்துவம் பேசுகிறவர்கள் பேசுங்கள். புத்தன்அணை, கல்லின் மேலே சிமெண்ட் பூச்சு இருக்கிறதா? எழுத்து ஏதும் உண்டா?

புத்தன்அணை
செவ்வாய் மதியம் 1.40

உண்டு. நிற்கிற கல்லில் ‘கொல்லம் ஆயிரத்து’ வரை தெரிகிறது. மீதியெல்லாம் யாரோ பூசிய சிமெண்டுக்கு அடியில். அதன்மேல் இரண்டு கட்சிச் சின்னம்.

கொத்தனார் மகன்
செவ்வாய் மதியம் 2.10

கொல்லம் ஆண்டு ஆயிரம் என்றால் கி.பி. 1824க்குப் பிறகு. ஆசிட் ஊற்றாதீர்கள், கம்பி பிரஷ் வேண்டாம். தட்டை உளியை ஓரத்தில் சாய்வாக வைத்து, மரச் சுத்தியால் மெதுவாகத் தட்டினால் சிமெண்ட் ஓடு மாதிரி பெயரும். பிறகு தண்ணீரும் தேங்காய் நாரும் போதும். எழுத்தில் சுண்ணாம்போ மாவோ தேய்க்காதீர்கள். ராத்திரி வந்து டார்ச்சைப் பக்கவாட்டில், கல்லோடு ஒட்டினாற்போல் பிடியுங்கள். பகலில் தெரியாத எழுத்து நிழலில் எழுந்துவரும். அப்போது போட்டோ எடுங்கள்.

புத்தன்அணை
வியாழன் இரவு 11.30

நடந்ததைச் சொல்கிறேன். சிமெண்டைத் தட்ட நான், வாத்தியார், கொத்தனார் ஒருவர் மூன்று பேர்தான் தொடங்கினோம். சத்தம் கேட்டு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒன்பது மணிக்கு டார்ச் அடித்தபோது இருபது பேராவது இருந்திருப்பார்கள், இரண்டு டீக்கடை ஆட்களும்.

ஆண்டுக்குப் பிறகு ஒரு வரி. முன்பாதி உடைந்து போயிருக்கிறது. கடைசியில் தெளிவாக மூன்று எழுத்து: ‘யம்மை’. அதற்குக் கீழே ‘தர்மம்’.

வாத்தியார் சொன்னார், பிள்ளைத்தாய்ச்சியாக இறந்த பெண்ணின் பெயரில் சுமைதாங்கி நடுவது வழக்கம், அவள் இறக்காமல் போன சுமையை வழியில் போகிறவர்களாவது இறக்கட்டும் என்று. கூட்டம் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. அப்புறம் கோயில் கமிட்டிக்காரர் ஒருவர், “வள்ளியம்மையாக்கும்” என்றார். உடனே வடக்குப் பக்கத்திலிருந்து, “ஏன், மரியம்மை இல்லையோ?”

ரஜப் நிலா
வியாழன் இரவு 11.41

மரியம் பீவியை ஏன் விட்டுவிட்டீர்கள்? நான்கு சதவீதம் என்றால் அவ்வளவு இளக்காரமா?

புத்தன்அணை
வியாழன் இரவு 11.58

அங்கேயும் ஒருவர் அதையே சொன்னார்! எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இரண்டு வருடத்தில் அந்த முக்கில் இரண்டு தரப்பும் ஒரே விஷயத்துக்குச் சிரித்து நான் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு இசக்கியம்மையா, சவுரியம்மையா என்று அரை மணி நேரம் வாதம். சண்டை மாதிரித்தான் இருந்தது, ஆனால் போன சண்டை மாதிரி இல்லை. எவருக்கும் ஆதாரம் இல்லை, அதனால் எவரும் வீட்டுக்குப் போகவில்லை.

பலகையில் ‘யம்மை’ என்று மட்டும் எழுதி, முன்னால் இடம் விட்டுவிடலாம் என்று வாத்தியார் சொல்கிறார். இன்னும் முடிவாகவில்லை.

எந்தப் பக்கம் என்பதற்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது. கிழக்கே, மண்டபத்தோடு ஒட்டி. அது புறம்போக்கு. இதுவரை யாரும் சொல்லாததற்குக் காரணம், அங்கே ஆட்டோ ஸ்டாண்ட். ஆட்டோக்காரர்களில் எல்லா ஆட்களும் உண்டு, நகரச் சொன்னால் எல்லோரும் ஒற்றுமையாக நம்மை அடிப்பார்கள் என்று பயந்தோம். கேட்டுப் பார்த்தால், குடிதண்ணீர்ப் பானை ஒன்று வைத்தால் ஒரு வண்டி இடத்தை விடுகிறோம் என்கிறார்கள்.

லிமசோல் அண்ணன் சொன்ன சாவிக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். கல்தொட்டியைக் கழுவி நிரப்புவது சர்ச் பக்கத்து இளைஞர்கள், குருசடி முன்னால் அடைத்துக் கிடக்கும் ஓடையைச் சுத்தம் செய்வது கோயில் பக்கம். சர்ச் கமிட்டி சரி என்றது. கோயில் கமிட்டி “யோசித்துச் சொல்கிறோம்” என்றது. அந்த ஓடையின் நாற்றம் தெரிந்தவர்கள் அவர்களைக் குறை சொல்லமாட்டீர்கள்.

மணிமேடை
வெள்ளி காலை 6.50

புறா வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

கொத்தனார் மகன்
வெள்ளி காலை 9.05

திண்ணை விளிம்புக்குச் சிமெண்ட் போடாதீர்கள். சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு. கடுக்காயை உடைத்து, கருப்பட்டியோடு பானையில் ஊறப்போட்டு, புளித்த பிறகு அந்தத் தண்ணீரில் குழைக்க வேண்டும். பத்து நாளாவது ஊறட்டும், திண்ணையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கல் நடுவதற்கு இது வேண்டாம், குழி ஆழம் சரியாக இருந்தால் போதும். கடுக்காய் கோட்டாற்றில் நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும்.

கடலோரத்தி
வெள்ளி மதியம் 12.20

கருப்பட்டி என் கணக்கு. கலப்படம் இல்லாததாகக் கொண்டுவருகிறேன்.

ஒரு கேள்வி. கல்லை என்ன உயரத்தில் நடப்போகிறீர்கள்?

புத்தன்அணை
வெள்ளி மதியம் 12.45

காண்ட்ராக்டர் ஒரு அடிக்கு கான்கிரீட் பீடம் போட்டு மேலே நடலாம் என்கிறார் அக்கா. பார்வைக்கு எடுப்பாக இருக்கும், வண்டி இடிக்காது.

கடலோரத்தி
வெள்ளி மதியம் 1.10

பீடம் வேண்டாம். ஒரு அடி ஏறினால் கடவத்தை வைக்க முடியாது, எம்பித் தூக்க வேண்டும். குறுக்குக் கல் தலைக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். அம்மையிடம் இப்போதுதான் கேட்டேன். எழுபத்தைந்து வயது, கண் மங்கல், ஆனால் அந்த உயரம் கழுத்துக்குத் தெரியும் என்கிறாள். கல்லை நடும்போது தன்னைப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கச் சொல்கிறாள். கூட்டி வரட்டுமா?

புத்தன்அணை
வெள்ளி மதியம் 1.14

கூட்டி வாருங்கள் அக்கா. ஜேசிபி நாளைக் காலை ஏழு மணிக்கு. முக்கில் இறங்கி எந்த டீக்கடையில் வேண்டுமானாலும் என் பெயரைச் சொல்லுங்கள்.